பிங் கட்டளை இருக்கும்போது லேட்டன்சி (ஒரு தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) அளக்க சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவது வெட்டி வேலையா?

நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு மாதம் அவதிப்படும் வரை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அலுவலக வீடியோ அழைப்பில் என் குரல் மட்டும் வெட்டி வெட்டிப் போகும். காலையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் எல்லாம் பிரமாதம். கோளாறு வரும்போது நான் பேசிக்கொண்டிருப்பேன். டெர்மினலைத் திறப்பதற்குள் சரியாகிவிடும். ஆக, நான் பார்க்காத நேரத்திலும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. (பிங்கே அப்படிப் பிறந்ததுதான். 1983 டிசம்பரில் தன் நெட்வொர்க்கில் வந்த ஒரு சிக்கலைப் பிடிக்க மைக் மூஸ் அவசரமாக எழுதியது.)

பைத்தானில் எழுதினேன். முதல் முயற்சி சொதப்பல். பிங் கட்டளையைக் கூப்பிடுவதற்கு முன்னும் பின்னும் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தேன். பிங் நிரல் தொடங்க ஆகும் நேரமும் கணக்கில் சேர்ந்து, பக்கத்து அறை ரவுட்டரே தூர தேசத்தில் இருப்பதுபோல் காட்டியது.

சரி என்று ரா சாக்கெட்டுக்குப் போனேன், அதாவது பிங் நிரலைக் கூப்பிடாமல் பாக்கெட்டை (சிறு தகவல் பொட்டலத்தை) நானே கட்டி அனுப்பும் வழி. லினக்ஸில் அதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி என்ற நெறிமுறையில் எக்கோ கோரிக்கை வகை 8, பதில் வகை 0. ஓடியது. ஆனால் சென்னையிலிருந்து சிங்கப்பூர் சர்வருக்கு நடுநடுவே 4 மில்லிசெகண்ட் என்று காட்டியது! ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நேர்க்கோட்டில் கேபிள் போட்டாலே போய் வர 29 மில்லிசெகண்ட் ஆகுமே? தாமதமாக வந்த பழைய பதிலை, அப்போதுதான் அனுப்பிய புதுக் கோரிக்கையின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். கோரிக்கையிலும் பதிலிலும் இருக்கும் வரிசை எண்ணைச் சரிபார்த்ததும் தீர்ந்தது. இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் இணையதளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டுக்கு டிசிபி இணைப்பு ஏற்பட ஆகும் நேரத்தை அளந்தாலே போதும், அதுவும் ஏறக்குறைய ஒரு முறை போய் வரும் நேரம்தான்.

இன்னொன்று: பதில் வராவிட்டால் 0 என்று எழுதாதீர்கள். நான் எழுதினேன்; பாக்கெட் தொலையத் தொலைய என் சராசரி அழகாகக் குறைந்தது.

சராசரியையே நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 60 பிங்கில் 57 பிங் 12 மில்லிசெகண்டிலும் மூன்று மட்டும் 600-லும் வந்தால் சராசரி 41 சொச்சம். பார்த்தால் ஒன்றும் குறையில்லை. ஆனால் பேச்சு வெட்டுவது அந்த மூன்றில்தான். வரிசைப்படுத்தி, மேல்கோடியில் இருப்பவற்றைப் பாருங்கள்.

என் ஸ்கிரிப்டின் உருப்படியான விஷயம் இதுதான்: நொடிக்கொரு முறை இரண்டு முகவரிக்கு அனுப்பும். ஒன்று வீட்டு ரவுட்டர், 192.168.1.1. மற்றது வெளியே, கூகுளின் 8.8.8.8. மூன்றாம் நாள் ஃபைலைத் திறந்தால், 9:40-க்கு ரவுட்டர் 2 மில்லிசெகண்ட், வெளியே 650. வைஃபை குற்றவாளி இல்லை. இணைய நிறுவனத்தோடு சண்டைக்குத் தயாரானேன்.

அப்புறம்தான் கவனித்தேன், மனைவி தினமும் அந்த நேரத்துக்குத்தான் போனைச் சார்ஜில் போடுகிறார். சார்ஜ் ஏறத் தொடங்கியதும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் பேக்கப்புக்குக் கிளம்பும். அப்லோடு வரிசை நிரம்பி, என் குரல் அதன் வாலில் நின்றுகொண்டிருந்தது. இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். வரிசை தேங்காதபடி ரவுட்டரில் அப்லோடு வேகத்தை லைனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். மறுநாள் 9:40-க்கு வெளியே 19.