படி ஏற ஏலாத கால்கள்: தசை அழற்சி பற்றிக் கேள்வி பதில்

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் 22 வருடம் வேலை செய்தவள் நான். நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த சிறு தசைத்துண்டை உறைய வைத்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமிட்டு வைத்தியரின் நுணுக்குக்காட்டிக்குக் கொடுப்பதுதான் வேலை. உடம்பின் நோயெதிர்ப்பே தசையைத் தாக்கும் இந்த நோய் என் தங்கைக்கும் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் வைத்தியர்.

தெஹிவளை, 46 வயது: அக்கா, இரண்டு மாதமாக பஸ்ஸில் கால் வைத்து ஏற ஏலாமல் இருக்கிறது. தலை வாரக் கை தூக்கவும் கஷ்டம். ஆனால் வலி இல்லை. வாதம் என்று எண்ணெய் பூசுகிறேன். சரிதானே?

எண்ணெயோடு நிற்காதீங்க, தங்கச்சி. படி ஏறுவதும் கையைத் தலைக்கு மேல் தூக்குவதும் இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள பெரிய தசைகளின் வேலை. தசை அழற்சி பெரும்பாலும் முதலில் பிடிப்பது அங்கேதான். அழற்சி என்றால் வலிக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். மூட்டில் வந்தால் வலிக்கும். தசையில் வந்தால் பலருக்கு வலி இல்லாமலே பலம் போய்விடும். அதனால்தான் வயசு, களைப்பு என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள்.

கண் இமையில் ஊதா நிறமோ, விரல் மூட்டுகளின் மேல் தடிப்போ இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம்முடைய தோலில் அது சிவப்பாகத் தெரியாது, கருமை கலந்த ஊதாவாகத்தான் இருக்கும். சாப்பாடு தொண்டையில் சிக்கினாலோ நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ கிளினிக் திகதி வரும் வரை இருக்காதீங்க. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கொட்டாஞ்சேனை, உயர்தர உயிரியல் மாணவன்: மிஸ், தசை அழற்சி எல்லாமே ஒரே நோய்தானா? உடம்பு தன்னையே ஏன் தாக்குகிறது?

ஒரே நோய் இல்லை, தம்பி. சீவலைப் பார்த்தாலே தெரியும்.

தோலையும் சேர்த்துப் பிடிக்கும் டெர்மட்டோமயோசைடிஸில், நுண்ணிய மயிர்த்துளைக்குழாய்களும் தாக்கப்படுகின்றன. கிருமிகளைக் கொல்வதற்கென்று குருதியில் உள்ள நிரப்புப் புரதங்கள் அவற்றின் சுவரில் படிந்து ஓட்டை போடுகின்றன. தசை நார்கள் கட்டுக் கட்டாக இருக்கும், படித்திருப்பாய். அந்தக் கட்டின் ஓரத்தில் உள்ள நார்கள்தான் முதலில் மெலியும். பிளாட்டில் தண்ணீர் அமுக்கம் குறைந்தால் மேல்மாடிக் குழாய் முதலில் வற்றுமே, கிட்டத்தட்ட அது போலத்தான். ஆனால் குருதி குறைவது மட்டும் காரணம் இல்லை. வைரசு வந்தால் கலங்கள் எழுப்பும் எச்சரிக்கைப் புரதம் இன்டர்ஃபெரோன். இங்கே வைரசே இல்லாமல் அந்த எச்சரிக்கை ஓயாமல் ஒலிக்கிறது. ஓர நார்களில் அதன் தடயம் சாயத்தில் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு வகையில் டி நிணநீர்க்குழியங்கள் என்ற வெள்ளைக் குருதிக் கலங்கள் நாருக்குள்ளேயே நுழைகின்றன. மூன்றாவது வகையில் அழற்சிக் கலங்கள் சொற்பம், ஆனால் நார்கள் செத்துக் கிடக்கும்.

அப்புறம், உனக்குப் பிடிக்கும் ஒன்று. புரதத் தொகுப்பில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை அதற்குரிய இடமாற்று ஆர்.என்.ஏயில் மாட்டிவிடும் நொதியம் ஒன்று உண்டு. சிலருடைய உடம்பு அந்த நொதியத்துக்கு எதிராகவே பிறபொருளெதிரி செய்கிறது. அந்தப் பிறபொருளெதிரியின் பெயர் ஆன்டி ஜோ-1. அது இருப்பவர்களுக்குத் தசையோடு நுரையீரலும் மூட்டும் பாதிக்கப்படலாம், விரல் ஓரங்கள் மெக்கானிக்கின் கை போல வெடிக்கும். எல்லாக் கலத்திலும் இருக்கும் நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரி, நோய் மட்டும் குறிப்பிட்ட சில இடங்களில். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வெள்ளவத்தை: அப்பா குடிப்பவரில்லை. ஆனால் ஈரல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரண்டு நொதியங்களும் கூடியிருக்கின்றன. ஈரல் ஸ்கேன் சுத்தம். உடம்பும் பலமில்லை என்கிறார்.

இதைக் கேட்டதும் மனசு பதறியது. என் தங்கைக்கும் இதேதான் நடந்தது. ஓர் இடத்தில் நாலு மாதம் ஈரலுக்கே மருந்து கொடுத்தார்கள். அந்த இரண்டு நொதியங்களும் ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன. தசை நார் சிதைந்தால் அவையும் குருதியில் கசியும். தசை நொதியமான சி.பி.கே. பரிசோதனையும், ஈரலைக் காட்டும் காமா ஜி.டி.யும் செய்யலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சி.பி.கே. கூடி, காமா ஜி.டி. சாதாரணமாக இருந்தால் ஈரலை விட்டுத் தசையைப் பார்க்க வேண்டும். தங்கைக்கு சி.பி.கே. ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. வழக்கமாக அது சில நூறுக்குள் இருக்க வேண்டியது.

கோட்டை, அலுவலக வேலை: ஏ.சி. குளிரில் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கிறது. பயப்பட வேண்டுமா?

விரலின் சிறு நாடிகள் குளிருக்கு அளவுக்கு மீறிச் சுருங்குகின்றன. இதன் பெயர் ரேனோ. இளவயதிலிருந்தே இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. முப்பது, நாற்பது கடந்து புதிதாக வந்தால், விரல் தோல் இறுகினால், நுனியில் புண் வந்தால் காட்டுங்கள். தோல் இறுகும் நோயான ஸ்கிளரோடெர்மா அப்படித் தொடங்கலாம். அங்கே தொடுப்பிழையக் கலங்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும், காயம் ஆறிய பிறகும் வேலையை நிறுத்தாமல். நகம் தொடங்கும் இடத்துத் தோல் மடிப்பில் உள்ள மயிர்த்துளைக்குழாய்களை உருப்பெருக்கிப் பார்த்தே நிறையத் துப்பு கிடைக்கும்.

மட்டக்குளி: கொலஸ்ட்ரோல் குளிசை குடித்தால் இது வருமா?

மிக அரிதாக. குளிசையால் வரும் சாதாரணத் தசைவலி அதை நிறுத்தினால் போய்விடும். நிறுத்திய பிறகும் பலவீனம் கூடினால், சி.பி.கே. இறங்காவிட்டால், அது வேறு விஷயம். நீங்களாக நிறுத்த வேண்டாம், இதயத்துக்கு அந்தக் குளிசை தேவை.

பம்பலப்பிட்டி: அப்பாவுக்கு 68. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை ஏழு மாதம் குடித்தும் சுகமில்லை. சட்டைப் பொத்தான் போட ஏலாது, முழங்கால் மடங்கி விழுகிறார்.

விரலை மடக்கும் தசையும் தொடையின் முன்தசையும் சேர்ந்து மெலிந்தால், வயதும் ஐம்பதைத் தாண்டியிருந்தால், இன்க்ளூஷன் பொடி மயோசைடிஸா என்று கேளுங்கள். அதில் அழற்சியோடு, நாருக்குள் புரதங்களும் திரண்டு கிடக்கும். ஸ்டீரொயிட் அதற்கு உதவாது. ஸ்டீரொயிட்டே தசையை மெலிய வைப்பதும் உண்டு. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது: இத்தனை மாதத்தில், உடம்புக்குச் சொந்த ஸ்டீரொயிட் செய்யும் அதிரீனற் சுரப்பி தூங்கியிருக்கும், வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தெமட்டகொட: புற்றுநோயோடு தொடர்பு என்கிறார்களே?

வளர்ந்தவர்களின் டெர்மட்டோமயோசைடிஸில் உண்மைதான், முக்கியமாக முதல் மூன்று வருடம். அதனால்தான் ஸ்கேன்கள் எழுதுவார்கள். பயந்து தவிர்க்காதீங்க. பிள்ளைகளின் நோய்க்கு இந்தத் தொடர்பு இல்லை.

கிருலப்பனை: மெதொட்ரெக்சேட் தினமும் குடிக்கலாமா? நோய் தொற்றுமா? உடற்பயிற்சி செய்யலாமா?

நோயெதிர்ப்பை அடக்க, இந்த நோய்க்கு அது கிழமைக்கு ஒரு நாள் மருந்து. தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கலண்டரில் கிழமைக்கு ஒரே ஒரு நாளைக் குறித்து வையுங்கள். தொற்றாது. பயிற்சி செய்யலாம், செய்யவும் வேண்டும். முன்பு ஓய்வுதான் என்றார்கள், இப்போது பிசியோதெரபியோடு சேர்ந்த மிதமான பயிற்சி பாதுகாப்பானது என்பது தெளிவாகிவிட்டது. தங்கை கதிரையில் கை ஊன்றாமல் எழும்புவதை எண்ணிக் கொப்பியில் எழுதுவாள். முதல் கிழமை ஒன்று. போன கிழமை பதினொன்று.