ஒரு புள்ளி டேமேஜ் குறைத்ததும் துப்பாக்கி ஏன் செத்துப்போகிறது?

கேள்வி: ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் ஆடும் ஷூட்டர் கேம் ஒன்றைச் சிறு குழுவாக உருவாக்கி, சோதனை ஆட்டங்கள் நடத்திவருகிறோம். ஆட்டக்காரருக்கு 100 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). அசால்ட் ரைஃபிளின் டேமேஜ் (ஒரு தோட்டா குறைக்கும் ஹெச்பி) 35, வேகம் நிமிடத்துக்கு 600 தோட்டா. எஸ்எம்ஜியின் (சப்மெஷின் கன்) டேமேஜ் 34, வேகம் 750. எல்லோரும் எஸ்எம்ஜியையே எடுத்ததால் அதன் டேமேஜை 33 ஆக்கினோம். இப்போது அதை ஒருவரும் தொடுவதில்லை. 34 வைத்தால் அதிகம், 33 வைத்தால் குறைவு. நடுவில் எங்கே நிறுத்துவது?

பதில்: நடுவில் நிறுத்த இடமே இல்லை. 33.5 என்று வைத்தாலும் அது 34 போலத்தான் நடந்துகொள்ளும், 33.3 என்று வைத்தால் 33 போல. எதிராளி சாவது டேமேஜ் எண்ணால் அல்ல, எத்தனை தோட்டா பட வேண்டும் என்ற முழு எண்ணால். 34 என்றால் மூன்று தோட்டாவில் 102, ஆள் காலி. 33 என்றால் மூன்று தோட்டாவில் 99தான். மிச்சமிருக்கும் அந்த ஒரு ஹெச்பிக்கு நான்காவது தோட்டா தேவை.

இதை நேரமாக மாற்றிப் பாருங்கள். டிடிகே, அதாவது கொல்ல ஆகும் நேரம், முதல் தோட்டா பட்ட கணத்திலிருந்து எண்ணப்படுகிறது. ஆகவே தேவையான தோட்டா எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, இரண்டு தோட்டாக்களுக்கு இடையிலான நேரத்தால் பெருக்க வேண்டும். 60,000ஐ 750ஆல் வகுத்தால் 80 மில்லி விநாடி. உங்கள் பழைய எஸ்எம்ஜி 160 மில்லி விநாடியில் கொன்றது. ரைஃபிளுக்கு 200. நீங்கள் ஒரு புள்ளி குறைத்ததும் எஸ்எம்ஜி 240க்குப் போய்விட்டது. ரைஃபிளைவிட 40 மில்லி விநாடி முந்திக்கொண்டிருந்த துப்பாக்கி, 40 மில்லி விநாடி பிந்திவிட்டது. ஆட்டக்காரர்கள் கைவிட்டதில் வியப்பே இல்லை.

தலைக்கு 1.5 மடங்கு என்று வைத்திருந்தால் பாதிப்பு இன்னொரு இடத்திலும் விழுந்திருக்கும். 34 டேமேஜில் இரண்டு ஹெட்ஷாட் சேர்ந்து 102, 33இல் 99. குறிவைத்துத் தலையில் சுடுகிறவருக்கும் ஒரு தோட்டா கூடிவிட்டது. அதேசமயம், 33இலிருந்து 25 வரை எங்கே நிறுத்தினாலும் உடம்பில் படும் தோட்டாவுக்குக் கணக்கு நான்குதான். முழு ஹெச்பி உள்ள எதிராளியிடம் இந்த எட்டுப் புள்ளிகளும் ஒன்றே. கிரனேடால் ஏற்கெனவே அடிபட்டவரிடம்தான் வித்தியாசம் தெரியும். பேட்ச் குறிப்பில் ‘டேமேஜ் 32இலிருந்து 28’ என்று பெரிய நெர்ஃப் (வலிமைக் குறைப்பு) போல எழுதிவிட்டு, களத்தில் ஒன்றுமே மாறாமல் போவது இதனால்தான்.

தோட்டா எண்ணிக்கை சட்டென்று மாறும் இந்தப் படிகளை வேண்டுமென்றே பயன்படுத்தும் கேம்களும் உண்டு. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் சிஎஸ்:கோவில் ஏகே-47இன் டேமேஜ் 36, தலைக்கு நான்கு மடங்கு, ஹெல்மெட்டைத் தாண்டிப் போவது 77.5 சதவீதம். பெருக்கினால் 111.6, ஒரே ஹெட்ஷாட்டில் ஆள் போச்சு. எம்4ஏ4 ரைஃபிளுக்கு 33, நான்கு மடங்கு, 70 சதவீதம்: 92.4. ஹெல்மெட் போட்டவர் பிழைத்துக்கொள்வார். இத்தனைக்கும் எம்4ஏ4 வேகமாகச் சுடும், கட்டுப்படுத்துவதும் எளிது. இரண்டு துப்பாக்கிகளின் குணமும் அந்த 100 என்ற கோட்டுக்கு இருபுறமும் நிற்பதில் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை: எஸ்எம்ஜியின் டேமேஜை மறுபடி 34 ஆக்குங்கள். கிட்டத்தில் அது ஜெயிக்கத்தான் வேண்டும். அதற்காகத்தான் அந்தத் துப்பாக்கியே இருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது: தூரத்திலும் அது ஜெயிக்கிறது. எனவே தூரத்துக்கேற்ப டேமேஜ் குறையும் வளைவைத் தொடுங்கள். 12 மீட்டர் வரை 34, அங்கிருந்து சீராக இறங்கி 30 மீட்டரில் 20 என்று வைத்துத் தொடங்கலாம். இந்தச் சரிவில் 13 மீட்டரை எட்டுவதற்குள் மூன்று தோட்டாக் கொலை நின்றுவிடும். டிடிகே 240 ஆகும். ஏறக்குறைய 23.5 மீட்டரில் டேமேஜ் 25க்குக் கீழே போய், ஐந்து தோட்டா, 320 மில்லி விநாடி ஆகும். ரைஃபிள் அதுவரை 35இலேயே நின்றால், 13 மீட்டருக்கு அப்பால் களம் அதனுடையது.

இந்த 12 என்ற எண்ணை ஊகத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு கொலையின்போதும் இருவருக்கும் இடையே இருந்த தூரத்தைப் பதிவுசெய்து, வரைபடத்துக்கு (மேப்) ஒன்றாகப் பட்டியல் எடுங்கள். பெரும்பாலான மோதல்கள் 12 மீட்டருக்குள்ளேயே நடக்கின்றன என்றால், துப்பாக்கியை எவ்வளவு திருகினாலும் எஸ்எம்ஜியே ஆளும். அங்கே மாற்ற வேண்டியது வரைபடம்: நீண்ட பார்வைக் கோடுகள், ஓரிரு அகலமான திறப்புகள்.

அடுத்தது துல்லியம். மேலே போட்ட டிடிகே எல்லாம் ஒரு தோட்டாவும் தவறாத கணக்கு. தேவையான தோட்டா எண்ணிக்கையைத் துல்லிய விகிதத்தால் வகுத்தால், சராசரியாக எத்தனை சுட வேண்டும் என்பது கிடைக்கும். ரைஃபிளில் 50 சதவீதம் படுகிறது என்றால் ஆறு தோட்டா, 500 மில்லி விநாடி. எஸ்எம்ஜியில் 40 சதவீதம் என்றால் ஏழரை, 520 மில்லி விநாடி. டேமேஜைத் தொடாமலேயே இரண்டும் அருகருகே வந்துவிட்டன. ஆனால் இந்தத் துல்லியத்தை எதைக் கொண்டு குறைக்கிறீர்கள் என்பது முக்கியம். ரீகாயிலை, அதாவது சுடும்போது துப்பாக்கி உதைத்து எகிறுவதை, கூட்டினால் புதியவர்கள்தான் தவிப்பார்கள். தேர்ந்தவர்கள் சில வாரங்களில் அந்த வடிவத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்வார்கள். ஸ்ப்ரெட்டை, அதாவது தோட்டாக்கள் தற்செயலாகச் சிதறுவதை, கூட்டினால் எல்லோருக்கும் ஒரே தண்டனை. புகார் மேல்மட்ட ஆட்டக்காரர்களிடமிருந்து வருகிறது என்றால் ரீகாயில் மாற்றம் பயன் தராது, எதிர்மாறாகவே வேலை செய்யும். மவுஸில் ஆடுபவர்களையும் கன்ட்ரோலரில் ஆடுபவர்களையும் இந்தக் கணக்கில் தனித்தனியே பாருங்கள்.

டிடிகேவுக்கு முன்னால் கழியும் நேரத்தைப் பலர் எண்ணுவதே இல்லை. எஸ்எம்ஜியில் குறிபார்க்க 200 மில்லி விநாடியும் ரைஃபிளில் 250உம் வைத்திருந்தால், மூலையில் திரும்பியதும் எதிராளியைக் கண்ட கணத்திலிருந்து 360க்கு எதிராக 450. நாற்பது என்று நினைத்த இடைவெளி தொண்ணூறு. இது அதிகம் என்று தோன்றினால் எஸ்எம்ஜியின் குறிபார்க்கும் நேரத்தை 220 ஆக்கிப் பாருங்கள். டேமேஜ் போல இது படிப்படியாகத் தாவாது; இருபது கூட்டினால் இருபதுதான் கூடும். நுணுக்கமாகத் திருத்த ஏற்ற திருகு இதுதான்.

சுடும் வேகமும் அப்படிப்பட்டதே. ஹேலோ 3இல் ஸ்னைப்பர் ரைஃபிளின் இரு சூடுகளுக்கு இடையிலான நேரத்தை 0.5 விநாடியிலிருந்து 0.7 விநாடியாக மாற்றியதைப் பற்றி மட்டுமே அதன் வடிவமைப்பாளர் ஜெய்மி கிரீஸ்மர் 2010 ஜிடிசியில் (கேம் உருவாக்குநர் மாநாடு) ஒரு முழு உரை நிகழ்த்தினார். ஸ்னைப்பரின் வலிமையைக் குறைக்க அதன் டேமேஜைத் தொட்டால், அது ஸ்னைப்பராகவே இருக்காது. சிஎஸ்:கோவும் 2022 நவம்பரில் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் ரைஃபிளின் மேகசினை 10 தோட்டாவிலிருந்து 5 ஆக்கியதே தவிர, டேமேஜில் கைவைக்கவில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன், உங்கள் துப்பாக்கி உண்மையிலேயே 750இல் சுடுகிறதா என்று பாருங்கள். சர்வர் விநாடிக்கு 60 டிக்கில் ஓடினால், அதாவது ஆட்டத்தை 60 முறை கணக்கிட்டால், ஒரு டிக் 16.67 மில்லி விநாடி. ‘அடுத்த சூடு = இப்போதைய நேரம் + 80’ என்று கோடில் எழுதியிருந்தால், 80 முடிந்தபின் வரும் அடுத்த டிக்கில்தான் சுடும்: ஐந்து டிக், 83.3 மில்லி விநாடி, நிமிடத்துக்கு 720. சர்வர் 30 டிக் என்றால் நிலைமை இன்னும் மோசம்: மூன்று டிக், 100 மில்லி விநாடி, அதாவது 600. எஸ்எம்ஜியும் ரைஃபிளும் ஒரே வேகத்தில் சுட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் எக்செல் தாளில் 750 என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, ‘அடுத்த சூடு = முந்தைய சூடு விழ வேண்டிய நேரம் + 80’ என்று எழுதினால் மீதி நேரம் அடுத்த சூட்டுக்குக் கடத்தப்பட்டு, சராசரி சரியாகும். சோதிப்பது எளிது: 30 தோட்டா மேகசினைத் தொடர்ந்து சுட்டு, முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியைப் பதிவில் பாருங்கள். 29 இடைவெளி, 2,320 மில்லி விநாடியை ஒட்டி வர வேண்டும். 2,417 வந்தால் 60 டிக் பிழை. 2,900 வந்தால் 30 டிக் பிழை.

தசம டேமேஜும் இதுபோல ஏமாற்றும். தூரச் சரிவில் ஒரு தோட்டா 33.3 ஆகிவிட்டால் மூன்று சேர்ந்து 99.9, மீதி 0.1 ஹெச்பி. திரையில் சுழியம் என்று காட்டும், எதிராளி ஓடிக்கொண்டிருப்பார், ‘ஹிட் ரெஜிஸ்ட்ரேஷன் சரியில்லை’, அதாவது பட்ட தோட்டா பதிவாகவில்லை என்று புகார் குவியும். டேமேஜை எந்தப் பக்கம் முழு எண்ணாக்குவது என்று ஒரு விதியை முடிவுசெய்து எல்லாத் துப்பாக்கிக்கும் அதையே வையுங்கள்.

மாற்றம் பலித்ததா என்பதை அளக்கும்போது, எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் நம்பாதீர்கள். பேட்ச் வந்த முதல் சில நாள்களில் புதிதாக மாறியதை எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். எஸ்எம்ஜியும் ரைஃபிளும் நேருக்கு நேர் மோதியவற்றை மட்டும் பிரித்து, தூரத்தை 0–12, 12–24, 24க்கு மேல் என்று மூன்றாக வகுத்து, எந்தத் துப்பாக்கி ஜெயித்தது என்று எண்ணுங்கள். 400 மோதல்களில் 53 சதவீதம் என்று வந்தால் அதில் ஒன்றும் இல்லை. அந்த எண்ணிக்கைக்குப் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ ஐந்து சதவீதம். 1,600 மோதல் இருந்தால் அது இரண்டரையாகும். ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 10,000 தேவை. சிறு சோதனையில் அவ்வளவு கிடைக்காது என்பதால், 12 மீட்டருக்குள் எஸ்எம்ஜி 60, 24க்கு அப்பால் 35 என்பதுபோலத் தெளிவான வித்தியாசத்தை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அரைச் சதவீதத்தைத் துரத்தாதீர்கள்.

திறமையான ஆட்டக்காரர்கள் ஒரே துப்பாக்கியை விரும்பினால் அதன் வெற்றி விகிதம் தானாக ஏறும். காரணம் துப்பாக்கி அல்ல, அதைப் பிடித்திருக்கும் கை. இதைப் பிரித்தறிய, இரண்டு துப்பாக்கியையும் போதிய அளவு பயன்படுத்தியவர்களை மட்டும் எடுத்து, அதே ஆள் எஸ்எம்ஜியோடு எவ்வளவு ஜெயிக்கிறார், ரைஃபிளோடு எவ்வளவு ஜெயிக்கிறார் என்று ஒப்பிடுங்கள். அங்கும் எஸ்எம்ஜி எல்லாத் தூரத்திலும் முன்னால் நின்றால்தான் அடுத்த திருகைத் தொட வேண்டும். அப்போதும் ஒரு பேட்ச்சில் ஒரு துப்பாக்கிக்கு ஒரு திருகுதான்: முதலில் 12 மீட்டரை 10 ஆக்குங்கள், குறிபார்க்கும் நேரம் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.