மொரிஸ் மைனர் கார் பிரேக்: மாற்றிய பிறகு வரும் தலையிடிகள்

நான்கு சில்லுக்கும் புது பிரேக் சூ, புது மாஸ்டர் சிலிண்டர். ட்ரம்மையும் லேத்தில் கடைந்தாயிற்று. ஆனாலும் இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்கிறது. (வெள்ளவத்தை)

இரண்டாம் மிதியில் பெடல் மேலே வந்து இறுகி நிற்கிறதா, பஞ்சுபோல அமுங்குகிறதா? அதைத்தான் நீங்கள் எழுதவில்லை. இறுகி நின்றால் உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் சூவுக்கும் சில்லோடு சுழலும் ட்ரம்முக்கும் இடைவெளி கூட. அமுங்கினால் பிரேக் ஒயில் ஓடும் லைனில் காற்று. மிதித்தபடி வைத்திருக்க மெல்ல இறங்கினால், வெளியே ஒழுக்கும் இல்லையென்றால், மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் பழுது. புதுச் சாமான் என்று நம்பிவிடாதீர்கள்.

என் சந்தேகம் முதலாவதில்தான். மைனரின் முன் சில்லில் ஒவ்வொரு சூவுக்கும், இடைவெளியைச் சரிசெய்யத் தனி அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதை மறந்துவிடுவது கராஜ்களில் சாதாரணம். சில்லைக் கழற்றி, ட்ரம் துளையூடாக ஸ்க்ரூ ட்ரைவரை விட்டு, ட்ரம் இறுகும்வரை திருப்பி, ஒரு 'கிளிக்' பின்னுக்கு விடுங்கள். அப்புறம் ட்ரம்மைச் சுற்றி அடுத்ததையும் அப்படியே செய்யுங்கள்.

கடைந்த ட்ரம்மின் உள்வட்டம் பெரிதாகிவிடும். சூவின் மேலுள்ள உரசும் பட்டையான புது லைனரின் வளைவு அதற்குப் பொருந்தாது. லைனர் முழுக்கச் சோக்கு பூசி, ட்ரம்மை மாட்டி, பெடலை மெல்ல மிதித்தபடி கையால் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நடுவில் மட்டும் சோக்கு அழிந்திருந்தால், அந்த ட்ரம்மின் அளவுக்கு லைனரை மெஷினில் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

ஒன்று: பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ட்ரம்முக்குள் கொம்பிரசர் காற்று அடிக்கவே வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

முன்னுக்கு டிஸ்க் போட்டேன், பின்னுக்கு பழைய ட்ரம்தான். காலி வீதி நெரிசலில் கொஞ்ச நேரம் ஓடினால் முன் சில்லு சூடாகி இறுகுகிறது. (தெஹிவளை)

பழைய மாஸ்டர் சிலிண்டரையே விட்டிருக்கிறீர்களா? அதன் வாயில் உள்ள வால்வு, லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். ட்ரம்மில் சூவை இழுக்கும் ஸ்பிரிங் அதை வெல்லும். டிஸ்கில் ஸ்பிரிங் கிடையாது, டிஸ்கைப் பிடிக்கும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். வால்வை எடுத்துவிட்டு, பின் லைனில் 10 பிஎஸ்ஐ அழுத்தம் பிடிக்கும் வால்வு ஒன்றைப் போடுங்கள். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் காரின் தரைத்தட்டுக்குக் கீழே இருப்பதால், ஒயில் பின்னோக்கி வடியாமல் முன் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வும் தேவைப்படும்.

பெடல் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் துளி ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சூடாகி விரியும் ஒயில் தொட்டிக்குத் திரும்ப முடியாது. சில்லு இறுகியிருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டரில் பைப்பைத் தளர்த்துங்கள். விடுபட்டால் கோளாறு அங்கே. சில்லில் காற்றெடுக்கும் பிளீட் நிப்பிளைத் திறந்தால்தான் விடுபடுகிறதென்றால், சில்லுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது.

சேர்வோ பூட்டியதும் கார் இடப்பக்கம் இழுக்கிறது. (கொட்டாஞ்சேனை)

மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் சேர்வோவைத் திட்டாதீர்கள். முன்பே இருந்த வித்தியாசத்தை அது பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை; வலது முன் ட்ரம்மைத் திறவுங்கள். சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது லைனரில் கிரீஸோ பிரேக் ஒயிலோ ஊறியிருக்கும். ஊறிய லைனரைப் பெற்றோலில் கழுவிப் பூட்டுவது வீண் வேலை. இரண்டு பக்கமும் புதிதாக மாற்றுங்கள்.

டொட் 4 பிரேக் ஒயில் இருக்கும் தொட்டிக்குள் டொட் 5 ஊற்றலாமா? (தெமட்டகொடை)

கூடாது. டொட் 5 சிலிக்கன் ஒயில், இரண்டும் கலக்காது. டொட் 4 ஈரத்தை இழுக்கும், கொழும்புக் காற்றில் சொல்லவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றினால் போதும்.