பாலத்தடியில் ஸ்கூபா: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்கூபா முக்குளிப்பில் அடிப்படைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்கிறேன். வெப்பமண்டலக் கடலோரம் ஒன்றில், படகில் போகாமல் கரையிலிருந்தே இறங்கி, படகுத்துறைப் பாலத்தின் தூண்களைச் சுற்றிப் பார்க்க எண்ணுகிறேன். ஆழம் 10 மீட்டர்தான், பயமே வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். அப்படித்தானா?

பதில்: நண்பர்களை அப்படியே நம்ப வேண்டாம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல இருமடங்காகிவிடுவதால், அங்கே நிரப்பிய மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால், நுரையீரலில் உள்ள காற்று இருமடங்காக விரிய முற்படும். ஆகவே ஆழம் குறைந்த இடத்திலும் மூச்சை அடக்காமல் மெதுவாகவே ஏற வேண்டும்.

இறங்குவதற்கு முன், அன்றைக்குத் துறையில் கப்பலோ படகோ அணைய இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கரீபியன் கடலின் பொனேர் தீவில் உப்பு ஏற்றும் பாலம் ஒன்று இவ்வகை முக்குளிப்புக்கு உலகப் பெயர் பெற்றது. அங்கேயும் கப்பல் கட்டி நிற்கும்போது பாலத்தடிக்குப் போக அனுமதி இல்லை. நீருக்குள் ஒலி காற்றில் செல்வதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் செல்வதால், இயந்திரத்தின் இரைச்சல் காதில் விழுந்தாலும் படகு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. எனவே பாலத்துக்கு வெளியே நீர்மட்டத்துக்கு ஏற நேர்ந்தால், அடையாள மிதவையை முன்கூட்டியே மேலே அனுப்பிவிடுவது நல்லது.

ஏற்றவற்றம் வலுவாக உள்ள கடலானால், ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன் நீர் தணிந்து நிற்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீரோட்டம் சிறிதளவு இருந்தாலும் முதலில் அதை எதிர்த்தே செல்லுங்கள். களைத்துத் திரும்பும் வேளையில் அதுவே உங்களைக் கரைப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்தத்தின் அலகு) மிஞ்சியிருக்கும்போதே கரையேறிவிட வேண்டும்.

இவை அனைத்தையும்விட நான் அஞ்சுவது தூண்டில் நரம்பைத்தான். பாலத்தின் மேலிருந்து ஆண்டுக்கணக்கில் வீசப்பட்டு அறுந்துபோன நரம்புகள் தூணுக்குத் தூண் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். வெளிச்சத்தை எதிர்நோக்கிப் போகிறவருக்கு அவை கண்ணில் படவே படா. பெரும்பாலும் அவை சிக்குவது முதுகுக்குப் பின்னால், சிலிண்டரின் வால்வில். என்னவோ இழுக்கிறதே என்று உடலைத் திருப்பினீர்களானால் நரம்பு மேலும் சுற்றிக்கொள்ளும். அப்படியே நின்று, அரையடி பின்வாங்கி, கூட வந்தவரை அழைத்து அறுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் கருவியை, எந்தக் கையாலும் எட்டக்கூடிய வகையில் மார்புப் பட்டையில் மாட்டிக்கொள்வது உத்தமம். துணையின்றித் தனியாக இறங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

கேள்வி: சுற்றிலும் வெறும் மணலாக இருக்க, பாலத்தின் தூண்களில் மட்டும் இத்தனை உயிர்கள் குவிவது ஏன்?

பதில்: கடற்பஞ்சு, பவளம், கொட்டலசு (கூரிய ஓடுடைய ஒட்டுயிர்) முதலியவற்றின் இளம் உயிரிகள் நீரில் மிதந்து திரிந்து, கெட்டியான பரப்பு ஒன்று கிடைத்ததும் ஒட்டிக்கொள்கின்றன. அலையில் புரளும் மணலில் அவற்றுக்குப் பிடிமானம் கிடையாது. தூணோ அடித்தளத்திலிருந்து நீர்மட்டம் வரை நின்று, நீரோட்டம் கொண்டுவரும் இரையை அவற்றின் வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. இத்துடன் பாலத்தின் நிழலும் சேர்கிறது. வெளிச்சம் குறைவதால் பாசி அடர்ந்து வளர முடியாது. பாசி இல்லாத இடத்தை, வெளிச்சத்தை நம்பாத உயிர்கள் பிடித்துக்கொள்கின்றன. சூரியப் பவளம் அவற்றுள் ஒன்று. பாறைத்திட்டுப் பவளங்களுக்கு உணவூட்டும் நுண்பாசி இதன் உடலுக்குள் இல்லாததால், இது தன் இரையைத் தானே பிடித்தாக வேண்டும். பகலில் மங்கிய ஆரஞ்சுக் குமிழாக மூடிக் கிடப்பது, இருட்டியபின் மஞ்சள் நிற உணர்கொம்புகளை விரித்துத் தூண் முழுவதையும் மூடிவிடுகிறது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களைச் சேர்ந்த இவ்வகை, கரீபியன் பகுதிக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த அந்நிய இனம்.

எல்லாத் தூண்களையும் ஒரே மூச்சில் சுற்றிவிட முனையாமல், இரண்டு மூன்றை மட்டும் கைவிளக்குடன் பொறுமையாகப் பாருங்கள். சிவப்பு ஒளியை நீர் சில மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடுவதால், விளக்கு இல்லாவிட்டால் சிவப்புக் கடற்பஞ்சும் சாம்பலாகத்தான் தெரியும். அந்தப் பஞ்சில் ஒன்று வாயைத் திறந்து மூடினால் அது தவளைமீன். தலையில் முளைத்த சிறு கோலின் நுனியை இரைபோல் ஆட்டி மீன்களை வரவழைப்பது அதன் வழக்கம்; பாலத்தின் மேலும் தூண்டில், கீழும் தூண்டில்!

கேள்வி: அலை தள்ளும்போது தூணைப் பிடித்துக்கொள்ளக் கையுறை அணியலாமா?

பதில்: வேண்டாம். கையுறை இருந்தால் கை தானாகவே எதையாவது பற்றத் தேடும். பொனேர் கடற்பூங்காவில் கையுறைக்குத் தடையே உண்டு. கொட்டலசின் கூர்விளிம்பை அது ஓரளவு தாங்கலாம். கல்மீனின் நச்சுமுள் அதைத் துளைத்துவிடும். தூணிலிருந்து இரண்டு கை நீளம் விலகியே நீந்துங்கள். அந்த இடைவெளியைக் காக்க முடியாத அளவுக்கு அலை தள்ளினால் அன்றைக்கு இறங்காதீர்கள். அதையும் மீறி முள் தைத்துவிட்டால், உடனே கரையேறி, சருமம் பொறுக்கும் அளவுக்குச் சுடுநீரில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், காயத்தை அமிழ்த்தியபடி மருத்துவ உதவிக்கு ஆளனுப்புங்கள்.