காகிதமும் மையும்: வாசகர் கேள்வி–பதில்

வாழைநாரையும் பழைய பருத்தித் துணியையும் ஊறவைத்து அரைத்துக் காகிதம் செய்யும் முறையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே குறையைச் சொல்கின்றன: காகிதம் நன்றாக வந்துவிட்டது, நிறம்தான் கைக்கு அடங்கவில்லை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு கைவினைக் காகிதத்தில் வாழ்த்து அட்டைகள் செய்கிறது. கடையில் வாங்கும் தாளில் கச்சிதமாக விழும் அதே மை, நாங்கள் செய்த தாளில் எழுத்தைச் சுற்றி வேர்விட்டதுபோல் பரவிவிடுகிறது. பரவாத நல்ல மை எது என்று சொல்லுங்கள், அம்மா.
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: மையை மாற்றுவதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். ஆலையில் செய்யும் எழுதுதாளில் நீரை எளிதில் உறிஞ்சாதபடி ஒரு பசைப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். நீங்கள் செய்த தாளில் அது இல்லாததால், ஒவ்வொரு நாரும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மையை இழுத்துக்கொண்டு போகிறது. எவ்வளவு விலை உயர்ந்த மையாக இருந்தாலும், அது நீர் கலந்ததாக இருக்கும்வரை அத்தாளில் பரவத்தான் செய்யும்.

தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே மறைந்து ஈரவட்டமாக விரிந்தால் தாளுக்குப் பசை ஊட்ட வேண்டும். முத்துப்போல் சிறிது நேரம் நின்றால் எழுதலாம். பசை ஊட்டுவதற்கு நம் வீட்டிலேயே எளிய வழி இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி மாவைக் கரைத்து, கண்ணாடிபோல் தெளியும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறியபின் அகலமான தூரிகையால் தாளின் இரண்டு பக்கமும் பூசிக் காயவிடுங்கள். சோறு வடித்த கஞ்சியை எடுப்பதானால் உப்புப் போடாத கஞ்சியாக இருக்க வேண்டும், ஏனென்றால் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தாளை எப்போதும் நமுத்த நிலையில் வைத்திருக்கும். கஞ்சித் தாளுக்கு உள்ள குறை இராமபாணப் பூச்சி. அது கஞ்சியை விரும்பித் தின்னும்.

நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய தாளுக்கு ஜெலட்டின் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் போதும். முதலில் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பிறகு பாத்திரத்தைச் சுடுநீரில் வைத்துக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு போய்விடும். ஜெலட்டின் விலங்குப் பொருள் என்பதால், சைவம் பார்க்கும் வாடிக்கையாளருக்குச் செய்யும் அட்டைகளில் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வதே முறை. சிலர் படிகாரத்தைத் தாராளமாகச் சேர்க்கச் சொல்வார்கள். ஒரு சிட்டிகை ஜெலட்டினை உறுதிப்படுத்தும் என்பது உண்மைதான். அளவு கூடினால் தாளில் அமிலம் ஏறி, சில ஆண்டுகளில் மஞ்சளாகி ஒடியத் தொடங்கும்.

பசை ஊட்டாத தாள்களில் நாலைந்தைத் தனியே எடுத்துவையுங்கள் என்றும் சொல்வேன். மேகமும் அந்தி வானமும் அத்தகைய தாளில் விழுவதுபோல் வேறு எதிலும் விழாது.

கேள்வி: சந்தையில் மீந்துபோகும் பூக்களிலிருந்து சாறு எடுத்துக் காகிதத்துக்கு நிறம் கொடுத்துப் பார்க்கிறேன். செம்பருத்திச் சாறு கிண்ணத்தில் ஒரு நிறமாகவும் தாளில் வேறொரு நிறமாகவும் இருக்கிறது. மஞ்சள் பூசிய தாள்களோ ஒரு வாரத்தில் வெளுத்துவிட்டன. நான் செய்யும் தவறு என்ன?
— ஒரு வாசகி, தோவாளை

பதில்: உங்கள் கையில் தவறு இல்லை. செம்பருத்தியின் நிறம் அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலம் அல்லது பச்சையாகவும் மாறும் இயல்புடையது. ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறும் இன்னொன்றில் ஆப்பசோடாவும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பூ இரண்டு நிறம் காட்டுவதைக் கண்ணாலேயே காணலாம். எனவே காகிதக் கூழில் சுண்ணாம்புத்தூளோ சாக்குத்தூளோ கலந்திருந்தால், நீங்கள் பூசும் சிவப்பு அங்கே சிவப்பாக நிற்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு 60 அட்டைகளை நானே செய்தேன். தாள் வெண்மையாக இருக்கட்டும் என்று கூழில் சாக்குத்தூள் கலந்திருந்தேன். செம்பருத்திச் சாற்றைத் தூரிகையால் இழுத்தபோது இளங்கத்தரிப்பூ நிறத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. காயக்காய விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறம் மங்கி, மறுநாள் காலையில் 60 அட்டைகளும் பாசி படிந்த சுவர்போல் சாம்பல் பச்சையாகக் கிடந்தன. எல்லாவற்றையும் மீண்டும் ஊறப்போட்டுக் கூழாக்கினேன். அன்றிலிருந்து, நிறம் தொடுவதற்கு முன்னால் அதே கூழில் செய்த ஒரு துண்டுத் தாளில் பூசி, இரண்டு நாள் காயவிட்டுப் பார்க்காமல் நான் எந்த வேலையும் தொடங்குவதில்லை.

தாளில் காரம் இருக்கிறதா என்று அறிய மஞ்சளே போதும். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம் அல்லவா? ஈர மஞ்சளைத் தாளில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். அது குங்குமம்போல் சிவந்தால் தாளில் காரம் இருக்கிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே மாற்றத்தால்தான்.

வெளுப்பது வேறு கதை. மஞ்சளில் நிறம் தரும் குர்க்குமின் வெளிச்சம் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். படிகாரம் சேர்த்தாலும் அதை முழுமையாகத் தடுக்க முடியாது. நம் மாவட்டத்தில் குடிநீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகமும் அப்படித்தான். அதன் கட்டையிலிருந்து படிகாரத்தோடு அருமையான சிவப்பு கிடைக்கும், ஆனால் சுவரில் மாட்டிவைக்கும் பொருளுக்கு அது ஆகாது. கேந்திப்பூ இவற்றைவிடச் சற்று நின்று பிடிக்கும். இதழ்களை மட்டும் பிய்த்து, மூழ்கும் அளவு தண்ணீரில் அரைமணி நேரம் மெல்லிய தீயில் வைத்து, வடித்த சாற்றில் சிறிது படிகாரம் சேர்த்துப் பூசிப்பாருங்கள். இரும்புச் சட்டியில் மட்டும் காய்ச்ச வேண்டாம். இரும்பு கலந்தால் மஞ்சள் அழுக்குப் பச்சையாக இறங்கிவிடும். எவர்சில்வர் அல்லது மண்சட்டி போதுமானது.

எந்த நிறமானாலும் அதன் ஆயுளை அறிய, பூசிய துண்டின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். பிரித்துப் பார்க்கும்போது இரு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால், அந்த நிறத்தை நோட்டுப் புத்தகத்தின் உள்தாளுக்கும் பெட்டியின் உட்புறத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது, "இது பூவின் நிறம், வெயிலில் வைத்தால் வெளுக்கும்" என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் வெளுக்காத நிறமே நம் ஊர்ப் பொருள்களில் கிடையாதா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் வீட்டுப் பின்புறத்திலேயே இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. அது தண்ணீரில் கரையும் சாயம் அன்று; துகளாகவே நிற்கும் நிறமி. வெயிலில் வெளுக்காது.

இரண்டு கைப்பிடிச் செம்மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மணலும் கல்லும் அடியில் தங்கியதும், மேலே உள்ள கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுவதும் தெளியவிடுங்கள். காலையில் தெளிந்த நீரை மெல்லச் சாய்த்துவிட்டால் அடியில் வெண்ணெய்போல் ஒரு படிவு இருக்கும். விரலில் தேய்த்துப் பார்த்து நெறுநெறுப்புத் தெரிந்தால் மறுபடியும் அதேபோல் தெளிய வையுங்கள். மூன்றாவது முறையில் விரலுக்குச் சந்தனம்போல் படும்.

இத்துகள் தாளில் ஒட்டிநிற்கப் பிசின் வேண்டும். ஒரு பங்கு வேலம்பிசினை இரண்டு பங்கு சுடுநீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, நிறமியோடு சிறிது சிறிதாகக் குழையுங்கள். காய்ந்தபின் கைக்கு ஒட்டி வந்தால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம். சில சொட்டு மார்த்தாண்டம் தேன் சேர்த்தால் வண்ணம் வெடிக்காமல் நெகிழ்வாக இருக்கும், ஆனால் நம் ஈரக்காற்றில் தேன் கூடினால் தாள் பிசுபிசுக்கும். கெட்டுப்போகாமல் இருக்கக் கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். கிராம்பும் நம் மாவட்டத்து மலைகளில் விளைவதுதான். இதே முறையில் விளக்குக்கரியையும் சிரட்டைக்கரியையும் குழைத்தால் கறுப்பு கிடைக்கும். அதுவும் வெளுக்காது.

கேள்வி: கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்யும் பழைய மையைக் கைவினைக் காகிதத்தில் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகி, குழித்துறை

பதில்: அழகான மை, ஆனால் அளவறிந்து செய்ய வேண்டும். கடுக்காயின் துவர்ப்பும், அன்னபேதி என்னும் இரும்பு உப்பில் உள்ள இரும்பும் சேர்ந்து, எழுதும்போது வெளிறியும், காற்றுப்பட்டபின் கறுத்தும் வரும். எழுதிய வரி கண்முன்னே கறுத்துக்கொண்டு வருவதைப் பார்ப்பதற்காகவே நான் இதை அவ்வப்போது செய்வதுண்டு. இரும்பு மிஞ்சினால், மையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து நாளடைவில் அது தாளையே அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழச் செய்யும். கடுக்காய்த்தூளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்னபேதி போட வேண்டாம். பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்க வேண்டிய எழுத்தாக இருந்தால் கரிமையே பாதுகாப்பு.

கேள்வி: ஸ்டாம்ப் பேடில் அச்சை ஒற்றி, சூட்டில் உருகிப் புடைத்து நிற்கும் எம்பாஸிங் பவுடரைத் தூவினால் கைவினைத் தாளில் பாதிதான் ஒட்டுகிறது.
— ஒரு மாணவி, நாகர்கோவில்

பதில்: சாய வகைப் பேடின் மை, தாளில் பட்ட உடனே உறிஞ்சப்பட்டுக் காய்ந்துவிடுகிறது, பவுடர் ஒட்ட ஈரம் மிஞ்சுவதில்லை. நிறமி வகைப் பேடையோ எம்பாஸிங்குக்கென்றே விற்கும் பேடையோ வாங்குங்கள், அச்சு விழும் இடத்துக்கு முதலில் கஞ்சி ஊட்டுங்கள். நாரின் பிசிறில் சிக்கும் பவுடரை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, அதன்பிறகே சூடான காற்றை வீசும் ஹீட் கன்னைக் காட்டுங்கள்.

கேள்வி: கறுப்பும் அடர்நீலமுமான தாள்களில் எந்த நிறத்தில் எழுதினாலும் தெரியவில்லையே, ஏன்?
— ஒரு வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: சாய மை ஒளியை ஊடுருவவிடும், அடியில் உள்ள கறுப்பை அதனால் மறைக்க முடியாது. மறைக்கும் ஆற்றல் உள்ள வெள்ளை நிறமி வேண்டும். கடைகளில் கிடைக்கும் வெள்ளை போஸ்டர் கலர், வெள்ளை ஜெல் பேனா ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அது உங்கள் ஊருக்கு அயலான பொருள் அன்று. உங்கள் கடற்கரையின் கருமணலிலிருந்து இந்திய அருமணல் நிறுவனம் பிரித்தெடுக்கும் இல்மனைட் என்னும் கனிமமே அந்த வெள்ளைக்கு மூலப்பொருள். கறுத்த கனிமத்திலிருந்து அத்தனை வெண்மையைப் பெறுவது ஆலையில் நடக்கும் இரசாயன வேலை. அந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருப்பதால், அதை வீட்டுக்கு அள்ளிவந்து சோதனை செய்ய வேண்டாம். போஸ்டர் கலர் புட்டி ஒன்று வாங்கினால் போதும். வெள்ளையில் எழுதிக் காய்ந்தபின் அதன்மேல் வேறு சாயத்தைப் பூசினால், அந்நிறமும் அடர்தாளில் துலங்கித் தெரியும்.

கேள்வி: மழைக்காலத்தில் அக்ரிலிக் பூசிய தாள்களை அடுக்கிவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிரித்தால் வண்ணம் உரிந்து வருகிறது.
— ஒரு வாசகி, குளச்சல்

பதில்: அக்ரிலிக் காய்ந்தபின்னும் ஒருவகைப் பிளாஸ்டிக் படலமாகவே இருக்கும், வெப்பமும் ஈரமும் எடையும் சேர்ந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே உண்டு என்பதால், வெளியூர்க்காரர்கள் சொல்லும் காயும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருப்பதை நம்பாமல், கொடியில் கிளிப்போட்டு ஒரு வாரம் தொங்கவிடுங்கள். அடுக்கும்போது பூசிய பக்கத்தைப் பூசிய பக்கத்தோடு சேர்க்காமல், இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். மேலே பாரம் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீஸரில் ஒருமணி நேரம் வைத்தால் படலம் இறுகிவிடும். வெளியே எடுத்த உடனேயே, மூலையிலிருந்து மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரித்துப் பாருங்கள்; பெரும்பாலானவை பிழைத்துவிடும்.