சொகுசுக் கப்பல் டைனிங் ஹாலுக்கு வேட்டி கட்டிப் போகலாமா?

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வாப்பாவைச் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போகிறேன், வெள்ளை வேட்டி சட்டையோடு இரவுச் சாப்பாட்டுக்கு விடுவார்களா?

பெரும்பாலும் விடுவார்கள். எந்தக் கப்பல் என்பதுதான் முக்கியம். நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் 2000-இல் 'ஃப்ரீஸ்டைல்' முறையைக் கொண்டுவந்து, குறித்த நேரம், குறித்த மேசை, கோட்டு எல்லாவற்றையும் தளர்த்தியது. மற்றவர்களும் மெல்ல அந்த வழிக்கு வந்தார்கள். குனார்டு என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தில் இன்னும் கண்டிப்பு உண்டு. 'காலா' எனப்படும் விசேஷ இரவுகளில் ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும். ஆனால் அங்கேயும் முறையான தேசிய உடைக்கு இடமிருக்கிறது. பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அதற்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். டிக்கெட் போடும்போதே எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வேட்டி கட்டியவரைக் கிளப் போன்ற பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்ற நம் 2014 சட்டம் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும்.

கைலியை அறையோடு நிறுத்துங்கள். நம் கரையில் அது மரியாதையான உடை, அங்கே தூங்கப்போகும் உடையாகத்தான் தெரியும்.

அப்புறம், வாப்பா கையால் சாப்பிடத் தயங்க வேண்டாம். சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பழகியவர், சிந்தாமல் அழகாகச் சாப்பிடுவார். கை கழுவும் இடத்தை மட்டும் முதலிலேயே பார்த்துவையுங்கள்.