காண்ட்ராக்ட்டுக்கு காண்ட்ராக்ட் நடுவுல வர்ற இடைவெளி: கீழக்கரை சகோவுக்கு

சகோ, வரைபடம் போடுற டிராஃப்டிங் காண்ட்ராக்ட் மார்ச்சோட முடிஞ்சுது, அடுத்தது ஜூன்லதான், அதுவரைக்கும் செலவுக்கு ஏஜென்ட்டுகிட்ட அடுத்த வேலைய பாதி ரேட்டுக்கு ஒத்துக்கிட்டு அட்வான்ஸ் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க. எங்க பாம்பன்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்ப வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குன ஆளு கடலுக்குப் போயி வந்ததும் இறாலையும் நண்டையும் அவரு சொன்ன வெலைக்குத்தான் போடணும், உங்களுக்கும் அதே கதிதான் ஆகும்.

மொதல்ல பணம் வராம நிக்கிற ரெண்டு பில்லையும் தினம் போன் போட்டுக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. சிறு தொழில் பண்றவங்களுக்கான அரசாங்கப் பதிவு, உத்யம் பதிவு, இல்லன்னா இன்னைக்கே போடுங்க, ஆதாரும் பான் கார்டும் போதும், பைசா செலவில்ல. பதிஞ்சவங்களுக்கு அதிகபட்சம் 45 நாளைக்குள்ள பணம் கொடுக்கணும்னு சட்டமே இருக்கு, பழைய பில்லுக்கு உதவும்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா இனிமே போடுற பில்லுல அந்த நம்பர கண்டிப்பா போடுங்க. பணம் கொடுக்கும்போதே வரிக்குன்னு டிடிஎஸ் புடிச்சிருப்பாங்கல்ல, வருமானம் வரி வர்ற அளவுக்கு இல்லன்னா ரிட்டர்ன் போட்டா அது திரும்ப வரும், நெறயப் பேரு இத அப்படியே விட்டுர்றாங்க, வயிறு எரியுது.

நகைய வைக்கிறதா இருந்தா பேங்க்ல வைங்க, வட்டிக்கடை வேண்டவே வேண்டாம். வீட்ல கையிருப்பு இவ்வளவுதான்னு சொல்லிருங்க. உங்க டிராயிங் ரெண்டு மூணு அனுப்புங்க, மதுரைல தெரிஞ்ச இஞ்சினியர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்.